பூச்சி தொடாத ரோமம்

சத்தியம். இங்கே சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நடந்ததற்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லும் பழக்கமும் கிடையாது. கண், காது, மூக்கு வைப்பது இந்தக் கதையில் வருகிறவரின் பிழைப்பு. அதில் அடுத்தவர் கைவைப்பது மரியாதை இல்லை. இதில் ஒரு இம்மியாவது கூடுதலாகச் சேர்ந்திருந்தால், சொன்ன வாய் இனிமேல் சூடான கஞ்சியைப் பார்க்காமலே போகட்டும்.

அவர் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவர். தோலை உரித்துப் பதப்படுத்தி, கம்பியும் கட்டையும் கொண்டு கூடு கட்டி, உள்ளே வைக்கோலும் பஞ்சும் அடைத்து, கண்ணாடிக் கண் பதித்து, உயிரோடு நின்ற மாதிரியே நிறுத்திவைக்கும் தொழில். தெருவில் அவருக்குப் பாடக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளையைக் கணக்குக்குச் சேர்த்துவிடலாம் என்று கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். கூடத்தில் நிற்கும் ஓநாயைப் பார்த்ததும் பிள்ளைக்குக் கணக்கு தானாகவே வந்துவிடும்.

கைவேலை அப்படி. நாலாவது வீட்டுக்கு அவர் பாடம் பண்ணிக் கொடுத்த நாய் பதினொரு வருஷமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தபால்காரர் இன்றைக்கும் அந்த வீட்டுக் கடிதத்தைத் தெருவில் நின்றே எறிவார். ஒரு சேவலைப் பண்ணிக் கொடுத்ததில், விடியற்காலையில் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி சேவலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இனிமேல் கூவக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அது கூவவில்லை.

இந்த மிருகங்களுக்கு நடுவில் அவர் மனைவி முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். கண்ணாடிக் கண்கள் அளவுவாரியாக அரிசி டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும். ஒருநாள் கஞ்சியில் கழுகின் கண் ஒன்று மிதந்து அவளையே பார்த்தது. அவள் அதைக் கரண்டியால் எடுத்துக் கழுவி அவர் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க செத்தா உங்களையும் பாடம் பண்ணி வாசல்ல நிக்க வெச்சிடுவேன். அப்பவாவது சொன்ன இடத்துல நிப்பீங்க."

"என் தோலுக்கு நல்ல ஆள் கிடைக்கமாட்டான்."

"நானே பண்ணுவேன். முப்பது வருஷமா பார்க்கிறேனே."

இருவரும் சிரித்தார்கள். அது சிரிக்கிற காலம்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. பிடித்த மழை நாலு மாதம் விடவில்லை. முதல் வாரத்திலேயே அவருடைய அக்கா வந்து இறங்கினாள். கணவரை இழந்தவள், தனிக்குடித்தனம், கூரை ஒழுகுகிறது, ரெண்டே நாள் என்றாள். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு கம்பளி. கம்பளியைப் பார்த்ததுமே ரெண்டு நாளில்லை என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

ரெண்டாவது வாரத்தில் கரடி வந்தது. அருங்காட்சியகத்துக் கரடி, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ பாடம் பண்ணியது. தையல் விட்டு, ஒரு தோள் சரிந்து, காது இற்று, வாங்கிய கடனைக் கொடுக்க முடியாத ஆள் மாதிரி நின்றது. செப்பனிட்டுத் தரும்படி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பின்பக்கக் கொட்டகை ஒழுகியதால் கூடத்தில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. படுக்கையறையிலிருந்து கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அதன் வயிறு.

"ஒண்ணு இது இருக்கணும். இல்ல நான் இருக்கணும்," என்றாள் மனைவி.

"மூணே மாசம்."

"ஓநாயும் மூணு மாசம்னுதான் வந்துச்சு. வாங்கவேண்டியவன் வரல. இப்போ அதுக்கு வயசு பன்னெண்டு. அதுக்கு நான்தான் தூசி தட்டுறேன்."

"நீ தட்டுறதாலதான் அது இன்னும் இளமையா இருக்கு."

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் போவது அவளிடம் புதிது. அவர் கவனிக்கவில்லை, கரடியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பழைய மிருகத்தைப் பிரிக்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். அந்தக் காலத்தில் தோலின் உட்புறத்தில் ஆர்சனிக் பாஷாணம் கலந்த சோப்பைப் பூசுவார்கள். பூச்சி அரிக்காது. இவர் தொழில் கற்ற காலத்திலும் பூசியவர்தான். இருபது வருஷமாக வெண்காரத்துக்கு மாறிவிட்டார். 'பாஷாணம் தோலுக்கு, அடைசலுக்கு இல்லை' என்பது தொழிலில் எல்லாரும் சொல்வது. அதனால் தோலைத்தான் தொடாமல் தொடுவார். உள்ளே அடைத்திருக்கும் அடைசலை வெறுங்கையால் அள்ளுவார். வயிற்றுத் தையலை அறுத்ததும் முதலில் வைக்கோல் வந்தது. அப்புறம் சுருட்டிய செய்தித்தாள். கால்மணி நேரம் நின்று படித்தார், ஒரு யுத்தம் முடிவுக்கு வரப்போவதாகப் போட்டிருந்தது. கடைசியில், நெஞ்சுக்குள்ளிருந்து, அருமையான ஆட்டு ரோமம். தொண்ணூறு வருஷம் ஆகியும் கையில் அமுக்கினால் எழும்பியது.

இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அடைசலை எறியமாட்டார்கள். அந்த வீட்டு நாற்காலி மெத்தைகளுக்குள் இருப்பது ஒரு மான். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைக்கும் மூட்டைக்குள் ஒரு காட்டுப்பன்றி. அவருக்குக் கழுத்துவலி வேறு. ரோமத்தை உதறி ஒரு தலையணை செய்துகொண்டார். உறையை மனைவிதான் தைத்தாள்.

அடுத்த மாதம் அவருக்கு அசதி ஆரம்பித்தது.

முதலில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. கரடியின் தோளுக்குக் கட்டை செதுக்கிக்கொண்டிருப்பார். உளி கையிலேயே இருக்க, கரடியின் மார்பில் சாய்ந்து தூங்கிவிடுவார். அக்கா பார்த்துவிட்டு, கரடி அவரைத் தூங்கவைக்கிறது என்றாள். அப்புறம் உள்ளங்காலில் ஊசி குத்த ஆரம்பித்தது. மாடிப்படி ஏழு, நாலாவதில் உட்கார்ந்து இளைப்பாறினார்.

"தின்னு, தின்னு," என்றாள் அக்கா. "உங்கப்பாவும் இந்த வயசுல இப்படித்தான் துவண்டாரு."

"உங்கப்பா, எங்கப்பா எல்லாம் ஒரே ஆள்தானே அக்கா."

"அதைத்தான் சொல்றேன்."

மனைவி காலையில் கஞ்சி, பத்து மணிக்கு முட்டை, மதியம் சோறு, சாயங்காலம் பாலும் ரொட்டியும் என்று போட்டாள். போட்டதெல்லாம் உள்ளே போனது. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது.

மழையில் குடைபிடித்து மனைவிதான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு. கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டுப் பதில் வரும்வரை அசையாதவர்.

"வாயைத் திறங்க. பூண்டு சாப்பிட்டீங்களா?"

"எங்க வீட்ல பூண்டே வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு டாக்டரம்மா. அக்காவுக்கு ஆகாது."

"மூச்சுல பூண்டு வாசனை வருது. கையை நீட்டுங்க."

பத்து நகங்களிலும் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு இருந்தது. ஒரே உயரத்தில், நூல் பிடித்த மாதிரி. டாக்டரம்மா பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து அளந்தார்.

"அடியிலிருந்து அஞ்சு மில்லிமீட்டர். நகம் மாசத்துக்கு மூணு வளரும். ரெண்டு மாசம் ஆகப்போகுது, உங்க உடம்புக்குள்ள என்னமோ போயிருக்கு. நகம் தேதி போட்டு வெச்சிருக்கு பாருங்க."

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், பின்னந்தலையில் முடி வெட்டினார்கள். நாலாம் நாள் டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மனைவி வெளியே பெஞ்சில், சொட்டுகிற குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாஷாணம்," என்றார் டாக்டரம்மா.

அவருக்கு அந்தப் பெயர் வேண்டிய ஆள் பெயர் மாதிரி கேட்டது. "நான் அதை விட்டு இருபது வருஷம் ஆச்சே," என்றார். கரடியைப் பற்றிச் சொன்னார். கையுறை, முகமூடி பற்றிச் சொன்னார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாலு வேளை தின்றேன். தின்னது எங்க போகுது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வாசல் வரைக்கும் போகுது. உள்ள போகல."

"எந்த வாசல்?"

"உடம்புல கோடிக்கணக்கான அடுப்பு இருக்குன்னு வெச்சுக்குங்க. நீங்க தின்ன சோறு உடைஞ்சு உடைஞ்சு, விறகுக்கட்டையா அடுப்பு வாசலுக்கு வந்துடும். அங்க மூணு பேர் வேலைக்கு நிக்கிறாங்க. நொதின்னு பேரு. முதல் ஆள் கட்டையை ஒரு வெட்டு வெட்டுவான். நடு ஆளுக்கு நீளமான கை ஒண்ணு, நுனியில ரெண்டே விரல். அந்த விரல்ல வாங்கி, அப்படியே திரும்பி உள்ள அனுப்புவான். மூணாவது ஆள் அந்தக் கையை அடுத்த கட்டைக்குத் தயார் பண்ணிக் கொடுப்பான். விடாம நடக்கும்."

"நல்ல வேலையாட்கள்."

"அந்த ரெண்டு விரலும் கந்தகம். பாஷாணத்துக்குக் கந்தகம்னா உயிர். போய் ரெண்டு விரலையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். விடாது."

"ஆளைக் கொன்னுடுமா?"

"எதுக்குக் கொல்லணும்? ஆள் அங்கேயேதான் நிப்பான். கை கட்டியிருக்கும். கட்டை வாசல்ல குமிஞ்சு புளிச்சுப் போகும், உடம்பெல்லாம் வலிக்கும். அடுப்பு ஒவ்வொண்ணா அணையும். நீங்க வண்டி வண்டியா சாப்பிடலாம்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். உள்ளே கோடிப் பேர் கைகட்டி நிற்பது தெரிந்த மாதிரி இருந்தது.

"இதுக்கு மருந்து?"

"ஊசி இருக்கு. அந்த மருந்துக்கும் அதே மாதிரி ரெண்டு கந்தக விரல். பாஷாணம் பழைய கையை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கும். ரெண்டும் ஜோடியா மூத்திரத்துல போயிடும்."

"மாப்பிள்ளைக்கு வேற பொண்ணைக் காட்டுற மாதிரி."

"ஆமா. இன்னும் லட்சணமான பொண்ணு." டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்ல சமைக்கிறது யாரு?"

மழை ஜன்னலில் அடித்தது.

"என் வீட்டுக்காரி."

"அவங்களுக்கு இந்த மாதிரி அசதி, காந்தல்?"

"இல்ல."

"கூட இருக்கிறவங்களுக்கு?"

"அக்காவா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

டாக்டரம்மா அதையும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார். "இதை நான் மேல எழுதிக் கொடுக்கணும் ஐயா. கொடுத்தா வீட்டுக்கு ஆள் வரும், முதல்ல அவங்களைத்தான் விசாரிக்கும். ரெண்டு மாசம் பொறுத்துப் பார்க்கிறேன். அதுக்குள்ள எங்கிருந்து வருதுன்னு நீங்க கண்டுபிடிங்க. தெரியலைன்னா நான் எழுதறேன்."

பதினாலு நாள் ஊசி போட்டார்கள். மருத்துவமனைச் சாப்பாட்டுக்கு உப்பும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. அதைத் தின்று அவர் தேறினார். பத்தாம் நாள் படி ஏறினார். பதினாலாம் நாள் பக்கத்துக் கட்டில்காரரிடம் சேவல் கதையைச் சொன்னார். தேறியதுதான் அவரை வாட்டியது. வீட்டுச் சாப்பாட்டில் விழுந்து, வெளிச் சாப்பாட்டில் எழுந்த மனுஷன் என்ன முடிவுக்கு வருவார்?

வீடு திரும்பியதும் கரடியைத் தொடவில்லை. டாக்டரம்மா சொன்னபடி அதைத் தார்ப்பாயில் சுற்றி, ஆள் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளியாகிவிட்டது. மனைவி கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவர் கரண்டியை எடுத்தார். எடுத்த கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"என்ன பார்க்கறீங்க? கரடியோட கண்ணு ஏதாவது கிடக்குதா?"

"இல்ல. நீ சாப்பிட்டியா?"

"முப்பது வருஷத்துல இந்தக் கேள்வி இன்னைக்குத்தான் வருது."

"கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். கேட்டா என் முகத்தைப் பார்க்கணும். நீங்க கிண்ணத்தைப் பார்க்கறீங்க."

அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அந்த டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க," என்றாள். "உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமான்னு. முப்பது வருஷமா இருக்குன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"பொய் சொல்லணுமா? இல்லைன்னு சொல்ற பொண்டாட்டியை அவங்க நம்புவாங்களா?" அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். ஒரு வாய் தின்றாள். ரெண்டாவது வாய் தின்றாள். கிண்ணம் பாதியாகும்வரை, அவரைப் பார்த்தபடியே தின்றாள். "போதுமா? முழுசும் வேணும்னா சொல்லுங்க. எனக்குப் பசியில்ல. உங்களுக்காகத் தின்றேன்."

மீதிப் பாதியை அவர் சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பழைய நாளில் வாங்கிய பாஷாண டப்பா ஒன்று பரணில் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து ஏணி வைத்து ஏறினார். டப்பா இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. திறந்தால் பாதி இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது பாதி இருந்ததா, முக்கால் இருந்ததா? இருபது வருஷத்துக்கு முன்னால் செத்த ஆந்தையின் இறக்கை நீளம் நினைவிருந்தது, இது இல்லை. மூடிமேல் தூசி இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். ஊதிய பிறகுதான், தூசி இருந்திருந்தாலும் இப்போது இருக்காது என்பது உறைத்தது. டப்பாவைப் பையில் போட்டு டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

பத்து நாளில் உள்ளங்கால் மறுபடி குத்தியது.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "டேய் தம்பி, இனிமே அடுப்படி என் பொறுப்பு. உன் பொண்டாட்டியைக் குத்தம் சொல்லல. ஆனா என் தம்பி ஒருத்தன்தான்."

"எடுத்துக்குங்க அண்ணி," என்றாள் மனைவி. சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "முப்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் லீவு. அரிசி கீழ்த்தட்டுல. கண்ணு மேல்தட்டுல. மாத்திப் போட்டுடாதீங்க."

அக்கா சமைத்தது ஒரு வாரம். அதைத் தின்பதற்குப் பாஷாணமே தேவலை என்று அவர் நினைத்ததுண்டு; வெளியே சொல்லவில்லை. பிரச்சனை வேறு. அக்கா சமைத்ததைத் தின்றும் கால் குத்தியது. படி மூன்றாவதிலேயே மூச்சு நின்றது.

அன்றிலிருந்து அவர் அக்காவையும் பார்க்க ஆரம்பித்தார். அப்பாவின் வீட்டில் அக்காவுக்குப் பங்கு கொடுக்காதது நினைவுக்கு வந்தது. சின்ன வயசில் அவளுடைய பொம்மையின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தது நினைவுக்கு வந்தது. ஐம்பது வருஷம் ஆகிறது. பெண்கள் பொம்மையை மறப்பதில்லை.

"என்னடா உத்துப் பார்க்கிறே?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா தட்டை மாத்தி வெக்கிறே? நான் பார்க்கலைன்னு நினைச்சியா? என் தட்டை நீ தின்னு, உன் தட்டை நான் தின்றேன். நேத்தும் அதைத்தான் பண்ணே. எனக்கு ஏதாவது ஆச்சா?"

"ஆகல."

"அப்போ நீ என்னைக் கொல்லப் பார்க்கிறேன்னு நான் சொல்லலாமா?"

கூடத்தின் அந்தக் கோடியில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, அவரைத் திட்டாதீங்க. மூணு பேர் இருக்கிற வீட்ல அவர் ரெண்டு பேரைச் சந்தேகப்பட்டாச்சு. மிச்சம் ஒருத்தர்தான். சீக்கிரம் ஆள் அகப்பட்டுடும்," என்றாள்.

அவர் முட்டைக்கு மாறினார். ஓட்டோடு இருக்கும் முட்டையை அவரே கடையில் பொறுக்கி எடுத்து, அவரே வேகவைத்து, அவரே உரித்துத் தின்றார். குழாயில் அவரே தண்ணீர் பிடித்துக் குடித்தார். முட்டைக்குள் யாரும் கைவிட முடியாது. கோழிக்கும் அவருக்கும் பகை இல்லை. காலையில் மூணு, மதியம் நாலு, சாயங்காலம் மூணு. தொட்டுக்கொள்ள உப்பை மட்டும் மனைவி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வைப்பாள். உப்பில்லாமல் பத்து முட்டையை விழுங்க அவர் என்ன மலைப்பாம்பா?

எட்டு நாள் முட்டை. எண்பது முட்டை. ஒன்பதாம் நாள் டாக்டரம்மா மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "ஏறியிருக்கு. உங்களுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் டைம்."

வீட்டுக்கு வரும் வழியில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்தார். கரடி இல்லை. டப்பா இல்லை. மனைவி கைச்சோறு இல்லை, அக்கா கைச்சோறு இல்லை. வெறும் முட்டை. பாஷாணம் எந்த வழியாக வருகிறது? பன்னிரண்டு நாளில் ஆள் வரும், அவளை அழைத்துப்போகும், தெரு பார்க்கும். அவள் செய்திருந்தால் அது நியாயம். செய்யாமலிருந்தால்? டாக்டரம்மா சொன்ன நடு ஆள் மாதிரி அவர் ரெண்டு கையும் கட்டி நின்றார்; எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"டேய், என் கம்பளியைப் பாருடா. கம்பளியா இது, சல்லடை. இதைப் போத்திக்கிட்டுத் தூங்குறதுக்குப் பதிலா மாவு சலிக்கலாம்."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நூறு ஓட்டை. மடிப்பில் பழுப்பாக, மயிர் முளைத்த புழு ஒன்று நெளிந்தது. தோல்பூச்சி. அவருடைய தொழிலின் ஜென்ம விரோதி. மழைக்காலத்து ஈரத்தில் கொட்டகையிலிருந்து ஊர்ந்து வந்திருக்கிறது. ரோமம், தோல், இறகு எது கிடைத்தாலும் விடாது.

"எங்க வெச்சிருந்தே அக்கா?"

"உன் கட்டில்லதான். நீ படுக்காத நேரம் உன் தலையணைக்கு மேல மடிச்சுப் போடுவேன்."

அவர் கட்டிலருகே போனார். தலையணையைத் திருப்பினார். உறையில் ஒரு மூலை அரித்திருந்தது. விரலை விட்டுக் கிழித்தார். உள்ளே ரோமம் தொண்ணூறு வருஷத்துக்கு முன் அடைத்த அன்றிருந்த மாதிரி, ஓட்டையில்லாமல், அமுக்கினால் எழும்பியது. பக்கத்தில் கிடந்த கம்பளியைச் சல்லடையாக்கிய பூச்சி, இதன் வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம் அவசரமாக எழுந்து நின்றார்.

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"என்ன, கம்பளியையும் நான்தான் தின்னேனா?"

"இந்தத் தலையணையைப் பூச்சி தொடல."

"நல்லதுதானே."

"பூச்சி தொடாத ரோமம் எது? முப்பது வருஷமா பார்க்கிறியே, சொல்லு."

அவள் தலையணையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "பாஷாணம் போட்டது," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. "தினம் தினம் மூக்கை அதுல புதைச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன். மருத்துவமனையில வேற தலையணை. அங்க தேறினேன். இங்க வந்ததும் இதுலேயே படுத்தேன். நோய் முத்த முத்தப் பகல்லயும் படுத்தேன்."

"தோலுக்குத்தான் போடுவாங்க, அடைசலுக்கு இல்லைன்னு சொல்வீங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். இதைப் பண்ணவன் கை தாராளம் போல."

"அப்போ நான் இல்ல."

"நீ இல்ல."

"அண்ணியும் இல்ல."

"அக்காவும் இல்ல."

"கோழி?"

"கோழியும் இல்ல."

அக்கா ஓட்டைக் கம்பளியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மனைவியின் கையைப் பிடித்தார். கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு இப்போதுதான். "உன்னைப் போய் நினைச்சேனே. என்னை மன்னிச்சுடு."

"மன்னிக்கிறது இருக்கட்டும்," என்றாள் அவள். "அந்தக் கரடி எப்போ போகுது?"

மறுநாளே போயிற்று. தோள் சரிந்தபடியே, வயிறு காலியாக, தார்ப்பாயில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். ஓநாயும் கூடப் போயிற்று. ஏற்றும்போது அது திரும்பிப் பார்த்ததாக அக்கா சொன்னாள். நாற்காலிக்குள் இருந்த மான், கதவோரத்துக் காட்டுப்பன்றி எல்லாம் வெளியேறின. இனிமேல் செத்தது எதுவும் இந்த வீட்டுக்குள் வராது என்று அவர் வாக்குக் கொடுத்தார். கண்ணாடிக் கண்களை வேறொரு பாடக்காரர் வந்து வாங்கிப் போனார். மேல்தட்டில் அவள் டீத்தூள் டப்பாவை வைத்தாள்.

டாக்டரம்மா தலையணையை ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முத்திரை வைத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். டாக்டரம்மாவின் முகமும் தெளிந்திருந்தது. "பதில் வர நாளாகும். ஆனா எனக்கு இனிமே எழுத வேண்டிய அவசியம் இருக்காதுன்னு நினைக்கிறேன்," என்றார். மறுபடி பதினாலு நாள் ஊசி. இந்தமுறை வீட்டிலிருந்தே வந்து போட்டுக்கொண்டார். சாவிக்கொத்து மனைவியின் இடுப்புக்குத் திரும்பியது. புதுக் கம்பளியோடு அக்கா கூரை வேய்ந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மழை விட்டது.

அவர் தேறினார். மூன்றாம் வாரத்தில் ஏழு படியும் ஏறி, மேலே வேலை எதுவும் இல்லாததால் இறங்கி, மறுபடி ஏறினார். உள்ளே கோடிக் கைகள் கட்டவிழ்ந்து கட்டைகளை எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மனைவி போட்டதைப் போட்டபடி, கிண்ணத்தைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். கூடம் விசாலமாக இருந்தது. அவள் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். தைக்கும்போது மெல்லப் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

நாலாவது மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்ததால் மருத்துவமனையில் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி கையில் இல்லை.

"பிரிச்சுப் படி."

அவள் பிரித்து, நின்றபடியே படித்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"பாஷாணம் இருக்காம். நீங்க சொன்ன மாதிரியே."

"எவ்வளவாம்?"

"தெருவையே படுக்க வெக்கிற அளவுக்கு."

"நான்தான் சொன்னேனே," என்று அவர் தலையாட்டி, காலிக் கிண்ணத்தை நீட்டினார். அவள் கடிதத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டுவிட்டு, கிண்ணத்தை வாங்கி நிறையக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

அனுப்பிய ரோமத்தில் இருப்பது வெறும் வெண்காரம், பாஷாணம் எதுவும் இல்லை என்று கடிதத்தில் இருந்தது.